வழக்கும் வழக்கமும்: சட்டத்தையும் மானுடவியலையும் சேர்த்து முதுகலையில் படிக்க, நெல்லைச் சீமைப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

நம் பக்கத்துக் கல்யாண வீடு ஒன்றில் பந்தியில் உட்கார்ந்து, மாப்பிள்ளையும் பெண்ணும் எந்த வழியில் சொந்தம் என்று கேட்டுப் பாருங்கள். அத்தை மகன், மாமன் மகள், அக்கா மகள் என்று ஏதோ ஒரு முறை சொல்வார்கள். அடுத்து 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் 3ஆவது பிரிவைத் திறங்கள். அண்ணன் பிள்ளையும் தங்கை பிள்ளையும் 'தடை செய்யப்பட்ட உறவு'. தாய்மாமனும் அக்கா மகளும் அதே பட்டியலில்தான். அப்படியென்றால் இத்தனை கல்யாணமும் செல்லாதா? செல்லும். 5ஆவது பிரிவு ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது: இரு தரப்பாருக்கும் உரிய வழக்கம் இடம் கொடுத்தால் தடை இல்லை.

ஆக, நம் வீட்டுக் கல்யாணங்கள் பலவும் சட்டப்படி நிற்பது 'வழக்கம்' என்ற ஒற்றைச் சொல்லின் மேல்தான். அது உண்மையிலேயே வழக்கமா, யாருடைய வழக்கம், எத்தனை காலமாக, யார் சொன்னால் நீதிமன்றம் நம்பும்? இந்தக் கேள்விகளுக்குச் சட்டம் மட்டும் படித்தவரும் திணறுவார், மானுடவியல் மட்டும் படித்தவரும் திணறுவார். தமிழில் கோர்ட்டில் போடுவதும் வழக்கு, ஊரில் புழங்குவதும் வழக்கு. இரண்டையும் ஒருசேரப் படிக்க விரும்புபவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் சட்டம் முடித்துவிட்டு மானுடவியலுக்குப் போனவன். வழியில் பட்ட அடிகளும் இதில் உண்டு.

முதலில் படிப்பைத் தேடாதீர்கள், தகராறைத் தேடுங்கள்

எல்லோரும் செய்யும் தவறு, எந்தப் பல்கலைக்கழகத்தில் என்ன படிப்பு இருக்கிறது என்று பட்டியல் போடுவதில் தொடங்குவது. நானும் அப்படித்தான் ஓராண்டை வீணாக்கினேன். உங்களுக்குத் தெரிந்த ஒரு தகராறை எடுத்துக்கொள்ளுங்கள். அது சட்டப் புத்தகத்திலும் இருக்க வேண்டும், தெருவிலும் இருக்க வேண்டும். நெல்லையில் அதற்குப் பஞ்சமே இல்லை.

கோயில் மரியாதையைப் பாருங்கள். கொடை என்னும் கோயில் விழாவில், தலையில் மரியாதையாகக் கட்டும் முதல் பரிவட்டம் யாருக்கு, விபூதித் தட்டு முதலில் எந்த வீட்டுக்கு என்பதில் ஊரே இரண்டாகப் பிரிந்த கதை உங்களுக்கும் ஒன்று தெரிந்திருக்கும். 1959ஆம் ஆண்டு அறநிலையத் துறைச் சட்டத்தின் 63ஆவது பிரிவு இதற்கென்றே இருக்கிறது. வழக்கப்படி ஒருவருக்குக் கோயிலில் மரியாதை உண்டா இல்லையா என்று இணை ஆணையர் விசாரித்து முடிவு சொல்லலாம். மரியாதை என்ற நுண்மையான விஷயத்தை ஓர் அரசு அதிகாரி மனுவும் பதில் மனுவுமாக அளந்து தீர்க்கிறார். இதைவிட நல்ல ஆய்வுப் பொருள் எங்கே கிடைக்கும்?

மலைக்குப் போனால் காணிப் பழங்குடி மக்கள். பாபநாசத்துக்கு மேலே சேர்வலாறு, மயிலாறு, இஞ்சிக்குழி, அகஸ்தியர் காணிக்குடியிருப்பு என்று அவர்களுடைய குடியிருப்புகள் இருக்கின்றன. சுற்றிலும் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி உரிமை கோரினால், அதற்கு என்ன சான்று காட்டலாம் என்று விதி 13 சொல்கிறது. பெரியவர்களின் வாய்மொழியை எழுதி வைத்தால் அது சான்று. பழைய ஆவணத்தில் பெயர் உள்ள ஒருவர் வரைக்கும் போகும் வம்சாவளி சான்று. இந்திய மானுடவியல் மதிப்பாய்வு நிறுவனம் போன்றவை செய்த ஆய்வுகளும் சான்று. மானுடவியல் ஆய்வு நேரடியாகச் சட்ட விதிக்குள் உட்கார்ந்திருக்கும் இடம் இது. இன்னொன்றும் கவனியுங்கள். பழங்குடிப் பட்டியலில் காணிக்காரர் என்ற பெயருக்குப் பக்கத்தில் கன்னியாகுமரி மாவட்டம், செங்கோட்டை, அம்பாசமுத்திரம் வட்டங்கள் என்று எல்லை போட்டிருக்கிறது. காட்டில் யாரும் அந்தக் கோட்டைப் பார்த்ததில்லை.

அப்புறம் சத்தியம். கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தால் பேச்சு முடிந்தது என்பது நம் ஊர்த் தீர்ப்பு முறை. 1873ஆம் ஆண்டு சத்தியப் பிரமாணச் சட்டம், எதிர்த் தரப்பார் தம் இனத்தாரைக் கட்டுப்படுத்தும் முறையில் சத்தியம் செய்தால் அதற்குக் கட்டுப்படுகிறேன் என்று ஒரு தரப்பார் முன்வர இடம் கொடுத்திருந்தது. அந்தச் சத்தியம் நீதிக்கும் நாகரிகத்துக்கும் மாறாகவோ மூன்றாம் ஆளைப் பாதிப்பதாகவோ இருக்கக் கூடாது, அவ்வளவுதான். 1969இல் வந்த சட்டத்தில் அந்தப் பிரிவுகள் இல்லை. கோர்ட்டை விட்டு வெளியேறிய சத்தியம் ஊரில் என்ன ஆனது என்று யாராவது ஒழுங்காக எழுத வேண்டும்.

அறுத்துக் கட்டும் வழக்கம் உள்ள சமூகங்களில் மணமுறிவு எப்படி நடக்கிறது என்பதும் இப்படி ஒன்று. வழக்கப்படியான மணமுறிவை இந்துத் திருமணச் சட்டத்தின் 29ஆவது பிரிவு இன்றும் காப்பாற்றி வைத்திருக்கிறது. ஊர்க் கூட்டத்தில் வெற்றிலை மாற்றிப் பிரிந்தவர் அடுத்த கல்யாணம் செய்யும்போது, அந்தக் கூட்டம் நடந்ததை எதைக் காட்டி நிரூபிப்பார்?

இவற்றில் ஒன்றோ உங்கள் ஊரிலிருந்து வேறொன்றோ மனதில் உறுதியானால், படிப்பைத் தேர்ந்தெடுப்பது பாதி முடிந்த மாதிரி.

பட்டம்: எந்த வழியாகப் போகலாம்

சட்டமும் மானுடவியலும் ஒரே பெயரில் உள்ள முதுகலைப் படிப்பை நம் மாவட்டத்தில் தேடி அலைய வேண்டாம். இரண்டையும் நாமே தைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சட்டம் முடித்தவருக்கு வழி எளிது. பாளையங்கோட்டைப் பக்கத்து அரசு சட்டக் கல்லூரியில் படித்தவர்களில் பலருக்கு அடுத்து சட்ட முதுகலையான எல்.எல்.எம். மட்டும்தான் கண்ணில் படும். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர கிளாட் முதுகலைத் தேர்வு, சென்னை அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்துக்குத் தனி விண்ணப்பம். ஓராண்டு எல்.எல்.எம். வேகமானது. ஆனால் களப்பணிக்கு அதில் மூச்சுவிட நேரமில்லை. நம் வேலைக்கு இரண்டாண்டுப் படிப்பே பொருந்தும் என்பேன். அல்லது எல்.எல்.எம்.மை விட்டுவிட்டு நேரே மானுடவியல் எம்.ஏ. போகலாம். சென்னைப் பல்கலைக்கழகத்திலும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் மானுடவியல் துறை உண்டு. நான் அதைத்தான் பரிந்துரைப்பேன். சட்டம் தெரிந்தவருக்குக் குறைவது இன்னும் கொஞ்சம் சட்டம் அல்ல.

மானுடவியலோ சமூகவியலோ தமிழோ படித்தவருக்கு இந்தியாவில் எல்.எல்.எம். கதவு மூடியிருக்கும், சட்ட இளங்கலையான எல்.எல்.பி. இல்லாமல் சேர முடியாது. மூன்றாண்டு எல்.எல்.பி. ஒரு வழி. நேரம் அதிகம்தான், ஆனால் கோர்ட்டுக்குள் கறுப்புக் கோட்டோடு நிற்கிறவருக்கு வக்கீல் குமாஸ்தா முதல் நீதிபதி வரை பேசும் விதமே வேறு. அதுவும் ஒரு களப்பணிதான்.

இரண்டையும் ஒரே நேரத்தில் படிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு இரண்டு பட்டங்களை ஒருசேரப் படிக்க அனுமதித்தது உண்மை. ஆனால் பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகள், சட்டப் பட்டத்தோடு வேறொரு நேரடிப் பட்டப்படிப்பைச் சேர்த்துப் படிக்கத் தடை போடுகின்றன. தொலைநிலைப் படிப்புக்கு விலக்கு உண்டு. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவில் மானுடவியல் எம்.ஏ. தொலைநிலையில் இருக்கிறது, எந்தப் பட்டம் இருந்தாலும் சேரலாம். எல்.எல்.பி. படித்துக்கொண்டே அதைச் செய்யலாம். சேரும் முன் உங்கள் கல்லூரியில் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். வாய்வார்த்தையை நம்பி ஓர் அலுவலகத்தில் நான் ஆறு மாதம் அலைந்தேன். கடைசியில் "அப்படி யாரு சொன்னா?" என்று கேட்டுவிட்டார்கள்.

பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறையையும் மறந்துவிடாதீர்கள். பெயரிலேயே வழக்காறு இருக்கிறது. வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, கொடை விழா என்று நம் பகுதியை உற்றுப் பார்க்கும் மரபு அங்கே வேரூன்றியது. நா. வானமாமலை 1969இல் பாளையங்கோட்டையிலிருந்து 'ஆராய்ச்சி' இதழைத் தொடங்கியதை நினைத்தால், வெளியூருக்குப் பேருந்து ஏறும் முன் உள்ளூர் நூலகத்தில் ஒரு மாதம் உட்காரத் தோன்றும்.

வெளிநாடு என்றால் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸும், அதே ஊரில் ஆசிய, ஆப்பிரிக்க ஆய்வுகளுக்கான எஸ்.ஓ.ஏ.எஸ்.ஸும் எல்லோர் வாயிலும் வரும். ஜெர்மனியின் ஹாலே நகரில் மாக்ஸ் பிளாங்க் சமூக மானுடவியல் நிறுவனத்தில் 'சட்டமும் மானுடவியலும்' என்றே ஒரு துறை 2012 முதல் நடந்து வந்தது. பணம்தான் பெரிய கேள்வி. பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டாண்டு வேலை அனுபவம் கேட்பார்கள். பட்டியல் சாதியினர் முதலியோருக்கான மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையில் ஒரு கண்ணி இருக்கிறது. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியாவைப் பற்றிய சமூக ஆய்வு ஆகியவை 2022இன் வழிகாட்டு நெறிமுறையில் விலக்கப்பட்டன. யாருக்கு இந்தப் படிப்பு மிகவும் தேவையோ அவர் சொந்த ஊரைப் பற்றி அந்தப் பணத்தில் படிக்க முடியாது என்றால் என்ன சொல்ல? விண்ணப்பிக்கும் ஆண்டின் நெறிமுறையை வரி வரியாகப் படித்துவிட்டுத் தலைப்பு வையுங்கள்.

என்ன படிக்க வேண்டும், எப்படி

இந்தத் துறையின் வரலாறு இந்தியாவைத் தொட்டுத்தான் தொடங்குகிறது. 1861இல் பண்டைய சட்டத்தைப் பற்றிப் புகழ் பெற்ற நூலை எழுதிய ஹென்றி மெய்ன், அடுத்த ஆண்டே வைஸ்ராய் சபையில் சட்ட உறுப்பினராகக் கல்கத்தா வந்தார். 1926இல் மானுடவியலாளர் மாலினோவ்ஸ்கி, கோர்ட்டும் போலீசும் இல்லாத பசிபிக்கின் டிரோப்ரியண்ட் தீவுகளில் மக்கள் ஏன் கடமை தவறுவதில்லை என்று கேட்டார். 1941இல் லெவெலின் என்ற சட்ட அறிஞரும் ஹோபெல் என்ற மானுடவியலாளரும் கூட்டாக அமெரிக்கப் பூர்வகுடிகளான செயென் மக்களைப் பற்றி எழுதினார்கள். விதி என்ன என்று கேட்காதே, சிக்கல் வந்தபோது என்ன நடந்தது என்று கேள் என்பது அவர்கள் வழி. 1973இல் மானுடவியலாளர் சாலி ஃபாக் மூர், அரசின் சட்டத்துக்குள்ளேயே பாதி தன்னாட்சியோடு தனக்கென விதி செய்துகொள்ளும் குழுக்களைப் பற்றி எழுதினார். நம் ஊர்க் கமிட்டியை அப்படியே படம் பிடித்தது போல இருக்கும்.

இவர்களோடு நம் பக்கத்துத் தீர்ப்புகளையும் வைத்துப் படிக்க வேண்டும். இரண்டைச் சொல்கிறேன். ராமநாதபுரம் ஜமீன் வாரிசுரிமை பற்றி, லண்டனில் இருந்த அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் 1868இல் சொன்ன தீர்ப்பில்தான், தெளிவாக நிரூபித்த வழக்கம் எழுதி வைத்த சாத்திர விதியையும் மிஞ்சும் என்ற கோட்பாடு வருகிறது. இன்று வரை வக்கீல்கள் அதைப் பிடித்துத்தான் பேசுகிறார்கள். இன்னொன்று கமுதி வழக்கு. கோயிலுக்குள் நுழையும் உரிமை நாடார்களுக்கு இல்லை என்று 1908இல் பிரிவி கவுன்சில் முடித்தது. அதே 'வழக்கம்' என்ற சொல்தான். முன்னதில் அது உரிமையைக் கொடுத்தது, பின்னதில் ஒரு சமூகத்தையே வாசலில் நிறுத்தியது. வழக்கம் என்றாலே மண்ணின் குரல் என்று உருகுகிறவர்கள் கமுதி வழக்கின் சாட்சியங்களைப் படிக்க வேண்டும். யாரைக் கூண்டில் ஏற்றி வழக்கம் கேட்டார்கள் என்பதைப் பென்சிலால் குறித்துக்கொண்டே போங்கள், பாதி விஷயம் அதில் இருக்கும்.

களத்தில்

சட்டம் படித்தவருக்குக் களப்பணியில் முதல் எதிரி அவருடைய கேள்விதான். நான் ஒரு சுடலைமாடன் கோயில் கொடையைப் பற்றிக் கேட்கப் போனேன். மரியாதைத் தகராறு அப்போது நடந்துகொண்டிருந்தது. திண்ணையில் இருந்த பெரியவரிடம், முதல் பரிவட்டம் எந்தக் குடும்பத்துக்கு, எப்போதிருந்து, யார் சாட்சி என்று வரிசையாகக் கேட்டேன். அவரும் வரிசையாகச் சொன்னார். ஆதி காலத்திலிருந்து எங்கள் குடும்பத்துக்குத்தான், இடையில் ஒரு வருடமும் தவறியதில்லை. எழுதிக்கொண்டு எழுந்தபோது சிரித்தார்.

"என்னய்யா, கூண்டுல நிக்க வச்சுக் கேக்க மாதிரில்லா கேக்கீரு. வக்கீல்ட்ட சொன்னதத்தான் உம்மட்டயும் சொல்லியிருக்கேன்."

அடுத்த முறை கொடைக்குக் கால் நாட்டும் அன்றைக்கே போய் நான்கு நாள் தங்கினேன். சாமான் தூக்கினேன், வாழை கட்டினேன். மூன்றாம் நாள் ராத்திரி, "கடைசியா எப்போ தாத்தா பெரிய சண்டை வந்துச்சு?" என்று மட்டும் கேட்டேன். விடியும் வரை பேசினார். ஒரு பங்காளி பம்பாய்க்குப் போய்ச் சம்பாதித்து, கொடைக்கு வரியை ஒற்றை ஆளாகக் கட்டிய சில வருடம் பரிவட்டம் அந்த வீட்டுக்குப் போனதும், அவர் இறந்ததும் திரும்பி வந்ததும் அப்போதுதான் வெளியே வந்தன.

வழக்கம் என்ன என்று கேட்டால் மனுவில் உள்ளது வரும். சண்டை எப்போது என்று கேட்டால் நடந்தது வரும்.

களத்தில் உங்களையும் விசாரிப்பார்கள். "எந்த ஊரு, யாரு வீட்டுப் பிள்ளை?" என்றால் சாதியைக் கேட்கிறார்கள் என்று நெல்லையில் பிறந்தவருக்குச் சொல்ல வேண்டாம். மறைத்தால் இரண்டே நாளில் தெரிந்துவிடும். நேராகச் சொல்லிவிடுங்கள், எதிர்த் தரப்பிடமும் போய் அதே நோட்டோடு உட்காருங்கள். ஒரு தரப்பு வண்டியில் ஏறி ஊருக்குள் இறங்காதீர்கள். மலைக் குடியிருப்புகளுக்கு வனத்துறை அனுமதி வேண்டும், அதோடு அங்குள்ளவர்களின் சம்மதமும் வேண்டும். முதலாவது கிடைத்தால் இரண்டாவது கிடைத்ததாக நினைத்துக்கொள்பவர்கள் அதிகம்.

சட்டப் பக்கத்தில் இரண்டு எச்சரிக்கை. வக்கீலிடம் கட்சிக்காரர் சொன்னதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஆய்வாளரின் நோட்டுக்கு அப்படி எதுவும் இல்லை, கோர்ட் கேட்டால் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதுதான். ஆகவே 'இதை யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். இன்னொன்று, சிறார்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவு. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர் மீது நடந்த அப்படியொரு குற்றம் தெரியவந்தால் யாராக இருந்தாலும் புகார் செய்ய வேண்டும், ஆய்வாளருக்கு விலக்கு இல்லை. சிறு வயதுக் கல்யாணம் பற்றி ஆய்வு செய்பவர் இதை வழிகாட்டும் பேராசிரியரிடம் முதல் நாளே பேசி, சம்மதப் படிவத்திலும் எழுதிவிட வேண்டும்.

ஆவணம் தேடுவதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கீழ்க் கோர்ட்டுப் பழைய கட்டுகளுக்கு நகல் மனு போட வேண்டும், பொறுமை வேண்டும். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வந்தது 2004 ஜூலையில்தான், அதற்கு முந்தியவை சென்னைக்குப் போனவை. கோயில் நிலத்துக்கு, மானிய நிலங்களைப் பதிந்த இனாம் பதிவேடுகளை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பாருங்கள். செங்கோட்டை 1956 நவம்பர் வரை திருவிதாங்கூரோடு இருந்த பகுதி. அங்கே பழைய தடம் பிடிக்கத் திருவனந்தபுரம் போக வேண்டியிருக்கும், கொஞ்சம் மலையாளமும் வேண்டும்.

எழுதும்போது

இங்கேதான் இரண்டு படிப்பும் முட்டிக்கொள்ளும். வழக்கம் நீண்ட காலமாக, இடைவிடாமல், ஒரே சீராகப் பின்பற்றப்பட்டிருக்க வேண்டும் என்கிறது திருமணச் சட்டத்தின் விளக்கம். கோயில் வழக்கிலும் ஏறக்குறைய இதே அளவுகோல்தான். மானுடவியலோ எந்த வழக்கமும் மாறிக்கொண்டேதான் இருக்கிறது என்று காட்டுகிறது. என் நோட்டில் இருந்த பம்பாய்க் கதை ஆய்வேட்டுக்குத் தங்கம். அந்தப் பெரியவரின் வழக்குக்கோ அது விஷம். இடையில் மரியாதை கைமாறியது என்று தெரிந்தால் எதிர்த் தரப்பு வக்கீல் விடுவாரா?

இதற்கு வகுப்பில் தயார் விடை எதுவும் சொல்லித் தரமாட்டார்கள். நான் செய்தது இது: ஊர்ப் பெயரையும் குடும்ப அடையாளங்களையும் மாற்றினேன். ஆய்வேட்டுப் பிரதியை நூலகத்தில் பொதுப் பார்வைக்கு வைப்பதைத் தள்ளிப்போடச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். எழுதியதைப் பெரியவரிடம் போய் வாசித்தும் காட்டினேன். ஒரு பத்தியை எடுக்கச் சொன்னார், எடுத்தேன். அந்தப் பத்தி போனதால் மதிப்பெண் குறைந்தது என்று இன்றும் நினைக்கிறேன். உண்மையைத் திருத்தி எழுதுவது வேறு, எப்போது வெளியிடுவது என்று தீர்மானிப்பது வேறு. முதலாவதைச் செய்யவே கூடாது.

நடை பற்றி ஒரு வரி. சட்டப் பேராசிரியருக்காக ஓர் அத்தியாயம், மானுடவியல் பேராசிரியருக்காக ஓர் அத்தியாயம் என்று பிரித்து எழுதினால் இருவருக்கும் பிடிக்காது. ஒரு சம்பவத்தை எடுத்து அதிலிருந்தே பிரிவுக்கும் கோட்பாட்டுக்கும் போங்கள்.

படித்து முடித்த பிறகு

கல்லூரி ஆசிரியர் வேலைக்கான நெட் தேர்வில் சட்டமும் மானுடவியலும் தனித்தனிப் பாடங்கள், இரண்டிலும் எழுதலாம். ஆட்சிப் பணித் தேர்வில் இரண்டுமே விருப்பப் பாடப் பட்டியலில் உண்டு. வன உரிமை, நில உரிமை அமைப்புகளுக்கு வம்சாவளி வரையவும் தெரிந்து மனு எழுதவும் தெரிந்த ஆள் கிடைப்பது அரிது. வழக்கம் பற்றி நேரடியாகத் தெரிந்தவரின் கருத்தைச் சாட்சியமாக ஏற்கும் பிரிவுகள் பழைய சாட்சியச் சட்டத்தில் 48, 49ஆக இருந்தன. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்திலும் அவை தொடர்கின்றன. ஆனாலும் மானுடவியலாளரை அழைத்துக் கேட்கும் பழக்கம் நம் கோர்ட்டுகளில் இன்னும் வேர் பிடிக்கவில்லை.

வேர் பிடித்த இடத்துக்கு ஒரு முன்னோடி நம் சீமை வழியாகப் போனவர்தான். எடின்பரோவைச் சேர்ந்த ஆன்டனி குட் 1970களில் திருநெல்வேலி வட்டாரத்தில் சடங்குகளை ஆராய்ந்தார், கழுகுமலைக் கோயிலையும் ஆராய்ந்தார். பின்னாளில் பிரிட்டனில் அடைக்கலம் கேட்ட இலங்கைத் தமிழர்களின் மேல்முறையீடுகளில் நிபுணர் சாட்சியாக அறிக்கை கொடுத்தார். அந்த நீதிமன்றங்களையே களமாக எடுத்து 2007இல் ஒரு நூலும் எழுதினார். கழுகுமலையில் சடங்கைக் கேட்டு எழுதிய பழக்கம் லண்டன் தீர்ப்பாயத்தில் வேலைக்கு வந்திருக்கிறது.

இந்த ஆண்டே தொடங்குவதாக இருந்தால் நாட்காட்டியைப் பாருங்கள். மே மாதம் கோர்ட் விடுமுறை, வக்கீல்களுக்கும் குமாஸ்தாக்களுக்கும் உட்கார்ந்து பேச நேரம் இருக்கும். சித்திரையிலும் ஆடியிலும் கொடை நடக்கும் கோயில்கள் நிறைய. விண்ணப்பத்தோடு கேட்கும் நோக்கக் கட்டுரையை, அவற்றில் ஒரு கொடையையாவது கால் நாட்டும் நாளிலிருந்து சாமி இறங்கும் வரை முழுதாக இருந்து பார்த்த பிறகு எழுதுங்கள். செருப்பை மட்டும் பழசாகப் போட்டுக்கொண்டு போங்கள், திரும்பி வரும்போது அது இருக்காது.